ஊசித்துளையில் விழாதவள்

ஒரு வருடமாகக் கண் இமைக்காமல் விழித்திருந்த டப்பாவின் கண்ணைப் படக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கறுப்பு நாடா ஒட்டி மூடினார்.

டப்பா என்றால் டப்பாதான். முன்பு பிஸ்கட் இருந்த தகர டப்பா. உள்ளே கறுப்பு மை பூசி, ஒரு பக்கம் ஊசியால் துளை போட்டு, துளைக்கு எதிரே போட்டோ காகிதத்தை வளைத்து வைத்தால் அது கேமரா. லென்ஸ் கிடையாது, பொத்தான் கிடையாது. யார் யார் படத்தில் விழுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற கண்ணாடியும் கிடையாது. மற்றவர்கள் ஒரு நொடியை நூறாக நறுக்கி அதில் ஒரு துண்டில் படம் எடுப்பார்கள். படக்காரர் மாதக்கணக்கில் எடுப்பார். ஒரு பாலம் கட்டி முடிகிறவரைக்கும் ஒரே படம். ஒரு மரம் மொட்டையாகி மறுபடி துளிர்க்கிறவரைக்கும் ஒரே படம். அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போவதை எடுக்கிறேன் என்று டப்பா வைத்தார். மூன்று வருடமாகியும் கோப்பு கிளம்பாததால் அது வெறும் மேசைப் படமாகப் போய்விட்டது. அதற்கும் ஒரு பரிசு கொடுத்தார்கள்.

இந்த முறை அவர் எடுத்தது சொந்த வீட்டை. கூடத்துப் புத்தக அலமாரியின் உச்சியில் டப்பாவை வைத்து, சோபா, ஜன்னல், சாப்பாட்டு மேசை, சமையலறை வாசல் எல்லாம் அடங்குகிற மாதிரி திருப்பி, முந்நூற்று அறுபத்தைந்து நாள் திறந்து வைத்தார். தலைப்பும் முதல் நாளே தயார்: ‘எங்கள் வீடு’. இரண்டு மாதத்தில் கண்காட்சி. கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டப்போவது இந்தப் படம்தான் என்று பேச்சு.

காகிதத்தை வெளியே எடுத்து, ஸ்கேனரில் ஒரே ஒரு முறை ஓட்டி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் கணினியில் திருப்பிப் போட்டபோது, அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தாள். தோளில் பை. ஒரு காலில் ஷூ, மறு காலில் இல்லை. ஏனென்றால் ஷூவைக் கழற்றிக்கொண்டே நடப்பது அவள் வழக்கம். நடந்துகொண்டே தலை வாருவாள், நடந்துகொண்டே சாப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் நடந்துகொண்டேதான். கையெழுத்து இரண்டு பக்கத்துக்கு நீண்டுவிட்டது என்று இன்றைக்கும் உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் பிறந்த வீட்டில் பம்பரம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நின்றுவிட்டது. அவள்தான் நிற்கவில்லை.

திரையைப் பார்த்தாள். ஜன்னலில் சூரியன் வருடம் முழுக்கப் போன தடமெல்லாம் வெள்ளிக் கம்பி கட்டினாற்போல வளைந்து கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் முள் இல்லை. சாப்பாட்டு மேசை இருந்தது. நடுவில் சோபா. சோபாவில், பல் குத்துகிற குச்சியைக்கூட எண்ணிச் சொல்லலாம் போல அத்தனை துல்லியமாக, அவள் தம்பி.

அந்தத் தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாலு வருடம் முன்பு ஒரு நேர்முகத் தேர்வுக்காக இரண்டு நாள் தங்க வந்தவன். தேர்வு பத்து மணிக்கு. இவன் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று சோபாவில் சாய்ந்தான். அவ்வளவுதான். வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தவர்கள் சோபாவோடு சேர்த்து அவனுக்கும் பழைய துணி போர்த்திவிட்டு வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். குடும்பக் கணக்கெடுக்க வந்த அம்மாள் ‘வசிப்பவர் இருவர்’ என்று எழுதி, அவனை மர சாமான் பத்தியில் சேர்த்துவிட்டாள். அவன் கால் கட்டைவிரலுக்கும் சோபாக் கைக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னி, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, வயதாகித்தான் செத்தது.

“நான் எங்க?” என்றாள் பம்பரம்.

“இரு, பெரிசு பண்ணிக் காட்டறேன்.” படக்காரர் பெரிது பண்ணினார். மேசை பெரிதானது. சமையலறை வாசல் பெரிதானது.

“இது யாரு?”

“அது குடை.”

“வருஷம் பூரா இந்த ரூம்ல ஓடினது யாரு?”

“நீதான்.”

“தினம் பெருக்கினது?”

“நீதான்.”

“பெருக்கறப்ப இவனைப் பார்த்து ‘காலைத் தூக்குடா’ன்னு தொண்டை கிழியக் கத்தினது?”

“நீதாம்மா. அவன் தூக்கலை. அதனாலதான் கால் இவ்வளவு ஷார்ப்பா விழுந்திருக்கு.”

சோபாவிலிருந்து குரல் வந்தது. “அத்தான், என் மீசையைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க. ஒரு பக்கம் ஏத்தமா இருக்கோன்னு சந்தேகம்.”

“வாயை மூடுறா, தண்டம்,” என்றாள் அக்கா. பிறகு கணவரிடம், “நான் ஏங்க இல்லை?”

படக்காரர் விளக்கினார். இந்த வித்தைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: அசையாதது விழும், அசைகிறது விழாது. அவளோ ஒரு நொடி இங்கே, ஒரு நொடி அங்கே. வெளிச்சத்துக்கு அவளைப் பிடிக்க நேரமே கிடைக்கவில்லை. நெரிசலான கடைத்தெருவை இப்படி எடுத்தால் தெரு காலியாகத்தான் விழும். இது குற்றமில்லை, பௌதிகம்.

“வெளிச்சத்துக்கு நேரம் கிடைக்கலை. சரி,” என்றாள் பம்பரம். “உங்களுக்கு?”

படக்காரர் சுட்டியை உருட்டிக்கொண்டே இருந்தார். பதினாறு வருடத்தில் அவள் கேட்ட கேள்விகளில் அவரால் பௌதிகத்தைக் கூப்பிட்டுப் பதில் சொல்ல முடியாத கேள்வி இது ஒன்றுதான்.

அவள் பைக்குள் கையை விட்டு ஒரு கடிதத்தை எடுத்தாள். ஊரின் மறுகோடியில் புதிதாகத் திறக்கிற ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை. கூடவே தங்க ஒரு குவார்ட்டர்ஸ். ஒரு வாரமாகப் பையிலேயே கிடந்தது. வேண்டாம் என்று எழுத நினைத்து, எழுத உட்கார வேண்டுமே என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

“ரெண்டு மாசத்துல பதில் சொல்லணுமாம். ஒரு ரூம், ஒரு கட்டில், ஒரு ஜன்னல். நான் இல்லாத வீட்டுல நான் எதுக்குங்க இருக்கணும்?”

“அவசரப்படாத.”

“நான் எப்ப அவசரப்படாம இருந்திருக்கேன்?” என்று கேட்டுவிட்டு அவள் மற்ற ஷூவைத் தேடிப் போனாள். சமையலறையில் பாத்திரம் உருண்டது. குழாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. உள்ளங்காலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒன்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அன்றைக்கு எறும்புகள் முழங்கால்வரை ஏறியிருந்தன.

மூன்றாம் நாள் கேலரிக்காரம்மா வந்தாள். கண்காட்சியை நடத்துகிறவள், எந்தப் படம் எந்தச் சுவரில் என்று முடிவு செய்கிறவள். கழுத்தில் மூன்று மூக்குக் கண்ணாடிகள் தொங்கும். கிட்டத்தில் பார்க்க ஒன்று, தூரத்தில் பார்க்க ஒன்று, யோசிக்க ஒன்று. யோசிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினோரு நிமிடம் திரைக்கு முன்னால் நின்றாள். பம்பரம் அதற்குள் துணி காயப்போட்டு, எடுத்து, மடித்துவிட்டாள்.

“அற்புதம்,” என்றாள் கேலரிக்காரம்மா. “இந்த மனுஷரோட இருப்பு இருக்கே!” சொல்லிக்கொண்டே திரும்பினாள். சோபாவில் இருந்தவன் கண்ணைச் சிமிட்டியதும் வீல் என்று அலறினாள்.

“நிஜமாவே இருக்கீங்களா?”

“இருக்கேங்க.”

“என்ன பண்றீங்க?”

“உக்கார்ந்திருக்கேன்.”

“இல்லை, வேலை?”

“அதான் சொன்னேனே.”

பம்பரம் மடித்த துணியோடு வந்து குறுக்கே நின்றாள். “மேடம், தலைப்பு ‘எங்கள் வீடு’ன்னு போட்டிருக்கு. இதுல நான் இல்லை.”

கேலரிக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, உங்களுக்குப் புரியலை. இந்தப் படமே நீங்கதான். இந்த வெற்றிடம் இருக்கு பாருங்க, இந்த இன்மை... இதுதான் உங்க பேரிருப்பு. நான் சுவர்ல அப்படித்தான் எழுதப்போறேன்.”

“இன்மை வந்து சோறு வடிக்குமா மேடம்?”

“அது வந்து...”

“வார்டுல முப்பது பேருக்கு ஊசி போடுமா? வருகைப் பதிவேட்டுல இன்மைன்னு எழுதினா எங்க மேட்ரன் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இங்க சுவர்ல மாட்டறீங்க.”

கேலரிக்காரம்மா தூரத்தில் பார்க்கிற கண்ணாடிக்கு மாறிக்கொண்டாள். படம் போகும் என்றும், படத்தோடு இந்தத் தம்பியும் வேண்டும் என்றும் சொன்னாள். அவள் கேலரியில் கூடத்துக்கு ஒரு காவலாளி. மூலையில் நாற்காலி போட்டு, படத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது வேலை. யாரைப் போட்டாலும் ஒரு வாரத்தில் கால் மரத்துப்போகிறது, நடக்கப் போய்விடுகிறார்கள். பிறவியிலேயே தகுதியோடு வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

தம்பி நாலு வருடத்தில் முதல் முறையாக எழுந்தான். சோபாவும் கூடவே இரண்டு அங்குலம் எழுந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அது கொஞ்சம் மிகை, ஓர் அங்குலம்தான். வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே பார்வையாளர் ஒருவர் அவன்மீது மழைக்கோட்டை மாட்டிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் ஒரு விமர்சகர் அவனைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். ‘பொருள் வலுவாக இருக்கிறது, மூக்கு மட்டும் நம்பும்படி இல்லை’ என்று.

வீட்டில் இப்போது இரண்டே பேர்.

தம்பி கிளம்பிய அன்று மாலை படக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். “இன்னொரு படம் எடுக்கறேன். நீ இருக்கற மாதிரி. கண்காட்சிக்கு முன்னாடி முடிச்சுடலாம். அதுவரைக்கும் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாத.”

“நான் விழலைன்னா?”

“விழுவே.”

“விழலைன்னா நான் போறேங்க. விளையாட்டுக்குச் சொல்லலை.”

“தெரியுது,” என்றார் அவர். அவர் குரலில் இருந்த பயத்தை அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

முதல் முயற்சி அவளுடைய விடுமுறை நாளில். காலையில் டப்பாவைத் திறந்து வைத்தார். சாயங்காலம்வரை அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. உட்கார்ந்தாள். மூன்று நிமிடத்தில் பால் நினைவு வந்தது. பிறகு காலிங்பெல். பிறகு காலிங்பெல் அடிக்கவில்லையே, கெட்டுப்போய்விட்டதோ என்று பார்க்கப் போனாள். நாற்பத்தோரு தடவை எழுந்தாள். படத்தில் நாற்காலி விழுந்தது. நாற்காலிக்கடியில் அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பு விழுந்தது.

“செருப்பு விழுந்திருக்கு, நான் விழலையா?”

“செருப்பு ஒரே இடத்துல இருந்துச்சும்மா.”

“அப்ப அதோடயே குடும்பம் நடத்துங்க.”

மறுநாள் ராத்திரி அவள் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். படக்காரர் அதைப் பார்த்தபடி அறைக்குள் நடந்தார். நகத்தைக் கடித்தார். அலமாரியில் ஏறி டப்பாவை ஆராய்ந்தார். விடிவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். துளைக்கு முன்னால் ஓர் அட்டை மூடி. மூடியில் ஒரு நூல். நூலின் மறு முனை அவர் விரலில். அவள் உட்கார்ந்தால் நூலை விடுவார், மூடி திறக்கும். எழுந்தால் இழுப்பார், மூடிக்கொள்ளும். இப்படித் தினம் ஒரு மணி நேரம், நாற்பது நாள். அவள் எழுந்துபோகிற நேரமெல்லாம் டப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

“ஆக, டப்பாவை ஏமாத்தறீங்க.”

“டப்பாவை ஏமாத்தித்தான் நான் இத்தனை வருஷம் பேர் வாங்கினேன்.”

தினம் ஷிப்ட் முடிந்து வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். படக்காரர், அவள் முகத்துக்கு நேராக அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்த டப்பாவின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, விரலில் நூலோடு, அவள் எப்போது எழுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வேட்டைக்காரன் மாதிரி. அவள் உட்கார்ந்தது உட்கார்ந்த மாதிரியா இருந்தது! தொடை நடுங்கியது, குதிகால் தாளம் போட்டது, விரல்கள் இல்லாத பட்டாணியை உரித்தன. முதல் வாரத்தில் நாற்காலி தினம் நாலு விரற்கடை நகர்ந்து ஜன்னல் பக்கம் போய்விட்டது. அதன் கால்களுக்குத் தரையில் ஆணி அடித்தார். அடுத்த வாரம் தரை முனகத் தொடங்கியது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, ‘தையல் மெஷின் எத்தனை வெச்சிருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

“பேசாம இரும்மா,” என்றார் படக்காரர். “வாய் அசைஞ்சா வாய் விழாது.”

“வாய் விழலைன்னா போகட்டும். பேசாட்டி நான் வெடிச்சுருவேன்.”

“சரி, பேசு.”

“எதைப் பேச?”

“எதையாவது. இன்னிக்கு என்ன ஆச்சு?”

பம்பரத்தின் குதிகால் ஒரு தாளம் தப்பியது. அவர் அதை எப்போதும் கேட்டதில்லை. கேட்க வாய்ப்பும் இருந்ததில்லை. அவள் எப்போதும் அடுத்த அறையில்தானே இருந்தாள். “இன்னிக்கா? மூணாம் நம்பர் கட்டில் பெரியவர் இருக்காரே, அவரு ஒரு கப்பல்ல சமையல்காரரா இருந்தாராம். ராத்திரிச் சாப்பாட்டை மூக்குல வெச்சு மோந்து பார்த்துட்டு, ‘இதைச் சமைச்சவனைக் கடல்ல தூக்கிப் போடுங்க’ன்னாரு. எங்க கேன்டீன்காரரு அழுதுட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கேன்டீன்காரரைக் கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்கார வெச்சேன். ரெண்டு பேரும் உப்பைப் பத்தி ஒரு மணி நேரம் சண்டை போட்டாங்க. பெரியவருக்கு பிரஷர் இறங்கிடுச்சு.”

“நிஜமாவா?”

“பொய் சொல்ல எனக்கு ஏது நேரம்?”

படக்காரர் சிரித்தார். மறுநாள் அவரே கேட்டார், பெரியவர் இன்றைக்கு என்ன சொன்னார் என்று. அதற்கு மறுநாள், தண்டவாளம் மாதிரி இரண்டு வரிசைக் கட்டிலுக்கு நடுவே ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடப்பாள் என்று கேட்டார். அவள் கணக்கு வைத்ததில்லை என்றாள். ஊசி போடுகிறபோது ஒவ்வொருத்தரும் எங்கே பார்ப்பார்கள் என்று சொன்னாள். கூரையைப் பார்ப்பவர்கள், கதவைப் பார்ப்பவர்கள், அவள் முகத்தையே முறைத்துப் பார்க்கிறவர்கள். ஆள் செத்துப்போனால் படுக்கையைத் தட்டி விரிப்பு மாற்ற எட்டு நிமிடம் ஆகும், அந்த எட்டு நிமிடத்தில் மட்டும் தனக்கு நடை தளரும் என்று ஒரு நாள் சொன்னாள். சொன்னதும் எழுந்து போய்விட்டாள். அவர் நூலை இழுத்து மூடிவிட்டு அப்படியே காத்திருந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். நூலை விட்டார்.

“அங்கேருந்து கத்திக் கத்திப் பேச வேண்டியிருக்கு. தொண்டை போகுது. கிட்ட வாங்க,” என்றாள் இன்னொரு நாள்.

அவர் முக்காலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டார்.

நாட்கள் போயின. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. விழுவோமா, மாட்டோமா? பஸ்ஸில் நின்றபடி மேல்கம்பியைப் பிடித்திருக்கிற கையைப் பார்ப்பாள்: இது விழுந்திருக்குமா? மருந்து டிரேயைத் தள்ளிக்கொண்டு போகிறபோது, இந்நேரம் நான் இங்கே இல்லை, எந்த டப்பாவைக் கேட்டாலும் சொல்லும், என்று தோன்றும். கூட வேலை செய்கிறவர்கள், ‘சிஸ்டர், புது ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாமே?’ என்று கேட்டால், ‘நாப்பதாம் நாள் சொல்றேன்’ என்பாள். புது ஆஸ்பத்திரி மேட்ரன் போனில், ‘சொன்ன தேதி கிட்ட வந்தாச்சு’ என்றாள். ‘காகிதம் இன்னும் வெந்துக்கிட்டிருக்கு மேடம்’ என்றாள் பம்பரம். மேட்ரன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு காலை, நாற்பதாம் மணி நேரம் முடிந்தது. இரண்டு பேரும் அவருடைய வேலை அறைக்குப் போனார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி, மேசையில் சிவப்பு விளக்கு, மூலையில் ஸ்கேனர். அவள் அந்த அறைக்குள் பெருக்க மட்டும்தான் வந்திருக்கிறாள். இன்றைக்கு விளக்குமாறு இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் டப்பாவைத் திறந்து காகிதத்தை உருவினார்.

“ஸ்கேன் பண்ற வெளிச்சமே படத்தைக் கொஞ்சம் தின்னுடும். ஒரு தடவைதான்,” என்றார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

ஓட்டினார். திரையில் மேலிருந்து கீழாகப் படம் இறங்கியது. ஜன்னல் வந்தது. கடிகாரம் வந்தது. திருப்பிப் போட்டார். படத்தின் நட்ட நடுவில், பெரிதாக, உருண்டையாக, பளபளவென்று ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

“என்னங்க இது? பானையா?”

படக்காரர் திரைக்குக் கிட்டத்தில் குனிந்தார்.

“நிலாவா? வீட்டுக்குள்ள எப்படிங்க நிலா?”

அவர் மெல்லக் கையைத் தூக்கித் தன் பின்மண்டையைத் தடவினார். இரண்டு பக்கமும் காது இருந்தது, படத்தில். கீழே சட்டைக் காலர் இருந்தது. காலரில் தையல் பிரிந்த இடம் இருந்தது. முக்காலியைக் கொஞ்சம், கொஞ்சம் என்று முன்னால் தள்ளித் தள்ளி, துளைக்கும் அவளுக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வருட அனுபவம். எந்தத் துளை எவ்வளவு அகலம் பார்க்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கோடு போடுகிற மனிதர். ஊசி முனையளவு தப்பினாலும் அடுத்தவர் டப்பாவைத் தூக்கி எறியச் சொல்கிறவர். அவர் தலை.

“எனக்கு வழுக்கையா?” என்றார் கடைசியில்.

“ஆறு வருஷமா.”

“நீ சொல்லவே இல்லையே?”

“வெளிச்சம் எங்க எங்கன்னு தேடிக்கிட்டிருந்தீங்க. அது அங்கதான் பட்டுக்கிட்டிருந்துச்சு.”

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “போச்சு. மறுபடி நீ இல்லை. நானே மறைச்சுட்டேன். இதைக் கிழிச்சுடறேன். இன்னும் ஒரு நாப்பது நாள் குடு.”

“நாலு நாள்ல கண்காட்சி.”

“கண்காட்சி கிடக்கட்டும். சுவர் காலியா கிடக்கட்டும். அந்த அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

பம்பரம் திரையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். வழுக்கையைச் சுற்றியிருந்த மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். காதில் இருந்த மச்சம் தெரிந்தது. சோபாவில் கிடந்த தம்பிகூட இவ்வளவு சுத்தமாக விழவில்லை. அவன் அசையாததற்குக் காரணம் சோம்பல். அதில் ஒரு கலங்கல் உண்டு. இந்தத் தலையில் கலங்கலே இல்லை. கழுத்து இடது பக்கம் ஒரு துளி சாய்ந்திருந்தது, யாராவது தணிந்த குரலில் பேசுகிறபோது கேட்கிறவர்கள் சாய்க்கிற மாதிரி. அந்தச் சாய்வும் அப்படியே விழுந்திருந்தது.

“நாப்பது மணி நேரமும் இப்படியேவா இருந்தீங்க?”

“நீ எப்ப எழுந்திருப்பியோன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“நூலு விரல்ல இருக்கே. அதுக்கு என் மூஞ்சியையேவா பார்க்கணும்?”

அவர் யோசித்தார். “முதல்ல அதுக்குத்தான் பார்த்தேன்,” என்றார்.

அவள் போனை எடுத்தாள். எடுத்ததும் நடக்க ஆரம்பித்தாள். கதவிலிருந்து ஸ்கேனர், ஸ்கேனரிலிருந்து கதவு.

“மேடம், நான்தான். வேலைக்கு வரேன். ஆமா, முதல் தேதியிலேருந்தே. குவார்ட்டர்ஸ் வேண்டாம், அதை வேற யாருக்காவது குடுங்க. இல்லை மேடம், தூரம்னா தூரம்தான், ஓடி வந்துக்கறேன். என்னவா? வீட்டுல ஒருத்தர் என்னை மறைச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காரு. விட்டுட்டு வந்தா அப்படியே உக்கார்ந்திருப்பாரு.”

போனை வைத்துவிட்டு, “கிழிக்க வேண்டாம்,” என்றாள். “இதையே மாட்டுங்க. இன்னொரு நாப்பது நாள் உக்காரச் சொன்னா நான் செத்துருவேன்.”

“இதுல நீ இல்லையே!”

“அதோ இருக்கேன்.” திரையில் விரல் வைத்தாள். அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு விரல்நுனி அளவுக்கு, சாம்பல் நிறத்தில் மழுங்கலாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிக் கையில் ஊன்றியிருந்த இடம்.

கண்காட்சி மாலையில் கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு சுவரில் தம்பி. அதே படத்துக்குக் கீழே, சீருடையில், நாற்காலியில் தம்பி. ஜனங்கள் மேலும் கீழும் பார்த்து, எது அசல் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்குப் படக்காரரின் பின்மண்டை. கேலரிக்காரம்மா யோசிக்கிற கண்ணாடியோடு அதன் முன்னால் நின்று, சுவரில் எழுத வாசகம் தேடி, கிடைக்காமல், மூன்று கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டும் பார்த்துவிட்டாள். படக்காரர் தொப்பி வைத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார்.

பம்பரம் தண்ணீர் டிரேயை வாங்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றினாள். அது அவள் வேலை இல்லை. டிரே வைத்திருந்தவர் மெதுவாக நடந்தார், பொறுக்கவில்லை. மூன்றாவது சுற்றில், இரண்டு கல்லூரிப் பெண்கள் பின்மண்டைப் படத்துக்கு முன்னால் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“அது துணி மூலைடி.”

“துணி இல்லை, எலி. எலி மூக்கு.”

“எலி எப்படிடி நாப்பது மணி நேரம் அசையாம இருக்கும்?”

“முழங்கை,” என்றாள் பம்பரம், டிரேயை நீட்டி.

“யாரோடது?”

“என்னோடது.”

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள். பம்பரம் டிரேயை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையைப் படத்துப் பக்கம் நீட்டினாள். ஒருத்தி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் ஒத்துப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, தெரியலை. கொஞ்சம் அசையாம இருங்களேன்.”

“முடியாதும்மா,” என்றாள் பம்பரம். தூணுக்குப் பின்னால் நிற்கிறவருக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது.